பேட்டரியை மாற்றினோம், செல்ஃபைக் கழற்றினோம்; பழுது எர்த் ஒயரில் இருந்தது: கோரிமேட்டு எலக்ட்ரீசியன் கடை பற்றி

ஐந்து வாரங்களில் இரண்டு பட்டறைகளில் 7,000 ரூபாய் கொடுத்த பிறகும் காலையில் ஸ்டார்ட் ஆக மறுத்த எங்கள் காரை, சேலம் கோரிமேட்டில் உள்ள ஒரு சிறிய ஆட்டோ எலக்ட்ரீசியன் கடையில் 850 ரூபாய்க்குச் சரிசெய்து கொடுத்தார்கள். அந்த 850 ரூபாயில் 300 ரூபாய், எந்தப் பொருளையும் மாற்றாமல் பழுது எங்கே இருக்கிறது என்று அளந்து கண்டுபிடித்ததற்கான கூலி. இந்தக் காருக்காக இதுவரை நான் செலவழித்த பணத்தில் மிகவும் பயன்பட்டது அந்த 300 ரூபாய்தான் என்று உறுதியாகச் சொல்வேன். மலையில் கார் வைத்திருப்பவர்களுக்கு உதவும் என்பதால், அங்கே நடந்ததைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நாங்கள் ஏற்காட்டில், நாகலூர் செல்லும் வழியில் குடியிருக்கிறோம். என் அம்மாவுக்குச் செவ்வாயும் வெள்ளியும் சேலத்தில் டயாலிசிஸ். காலை ஏழரை மணிக்கு அங்கே இருக்க வேண்டும் என்பதால், ஆறு மணிக்கெல்லாம் வீட்டை விட்டுக் கிளம்பி இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கியாக வேண்டும். கார் 2014ஆம் ஆண்டு வாங்கிய சிறிய பெட்ரோல் கார். கிளட்ச் கேபிளில் இயங்குவது. கேபிள் என்பதை இங்கேயே சொல்லிவைப்பதற்குக் காரணம் உண்டு, பின்னால் வரும்.

கடந்த ஐப்பசியில், மழையும் மூடுபனியும் சேர்ந்திருந்த ஒரு வாரத்தில் தொல்லை தொடங்கியது. சாவியைத் திருப்பினால் மீட்டர் போர்டு விளக்குகள் வழக்கம்போல் எரியும், ஹாரன் உரக்க ஒலிக்கும், ஆனால் எஞ்சினைச் சுற்றிவிடும் மோட்டாரான செல்ஃப் 'டக்' என்று ஒரே ஒரு சத்தம் போட்டுவிட்டு அடங்கிவிடும். நான்கைந்து முறை முயன்ற பிறகு, இழுத்து இழுத்துச் சுற்றி ஒரு வழியாக ஸ்டார்ட் ஆகும். அதே கார் சேலத்துக்கு வந்து, மருத்துவமனைக்கு வெளியே நான்கு மணி நேரம் வெயிலில் நின்ற பிறகு, முதல் திருப்பிலேயே ஸ்டார்ட் ஆகிவிடும். ஆகவே பட்டறைக்குக் கொண்டுபோகும் நேரத்தில் காட்டுவதற்குப் பழுது இருக்காது; நாம் சொல்வதை வைத்துத்தான் அவர்கள் முடிவெடுக்க வேண்டியிருந்தது.

முதலில் போன பட்டறையில் பேட்டரிக்கு வயது என்ன என்று கேட்டார்கள். நான்கு ஆண்டுகள் என்றதும், மலைக் குளிருக்கு அது தாங்காது என்று சொல்லிப் புதிய பேட்டரி போட்டார்கள். பழையதை எடுத்துக்கொண்டது போக 4,200 ரூபாய். மீட்டர் எதையும் வைத்துப் பார்க்கவில்லை. பன்னிரண்டு நாட்கள் கார் ஒழுங்காக ஓடியது, பதின்மூன்றாம் நாள் மீண்டும் 'டக்'. இரண்டாவது பட்டறையில், பேட்டரி புதியது என்பதால் செல்ஃப்தான் என்று முடிவு செய்து, அதைக் கழற்றி, உள்ளே தேயும் பாகங்களான கார்பன் பிரஷ்ஷும் புஷ்ஷும் மாற்றி 2,800 ரூபாய் வாங்கினார்கள். இந்த முறை ஒன்பது நாட்கள். பத்தாம் நாள் அதிகாலையில் அம்மாவைப் பின்சீட்டில் உட்காரவைத்துவிட்டு, அக்கம்பக்கத்தாரை எழுப்பிக் காரைத் தள்ளச் சொன்னேன். இரண்டு பட்டறைக்காரர்களும் ஏமாற்றினார்கள் என்று நான் நினைக்கவில்லை. வழக்கமாக எது போகுமோ அதை மாற்றினார்கள். ஆனால் மாற்றிய பிறகு பழுது போய்விட்டதா என்று உறுதிசெய்துகொள்ள அவர்களிடம் எந்த வழியும் இருக்கவில்லை.

கோரிமேட்டுக் கடையைச் சொன்னவர் ஏற்காட்டில் ஒண்டிக்கடை அருகே வாடகைக் கார் ஓட்டும் ஒருவர். அஸ்தம்பட்டியிலிருந்து ஏற்காடு சாலையில் வந்தால், கோரிமேட்டைத் தாண்டி அடிவாரம் நோக்கிப் போகும் வழியில், இடது கைப் பக்கம் ஒரு புளியமரத்தை ஒட்டித் தகரக் கூரை போட்ட ஒற்றை அறை. பலகையில் 'ஆட்டோ எலக்ட்ரீசியன்' என்ற சொல் மட்டும்தான் இருக்கிறது, கடைக்குத் தனிப் பெயர் கிடையாது. ஐம்பது வயதைத் தாண்டிய உரிமையாளரும், அவரிடம் தொழில் பழகும் ஒரு பையனும் மட்டுமே வேலை செய்கிறார்கள். லாரி டைனமோக்களும் செல்ஃப்களும் சுவரோரம் வரிசையாக அடுக்கப்பட்டிருந்தன; சேலத்தில் இத்தொழில் பழகியவர்களில் பலர் லாரியில் கைபழகியவர்களே. மேசைமேல், கரண்ட் வந்தால் எரிந்து காட்டும் ஒயர் சுற்றிய ஒரு டெஸ்ட் லேம்ப்பும், வோல்ட்டையும் கரண்டையும் எண்ணில் காட்டும் மூலைகள் தேய்ந்த ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டரும் இருந்தன. அன்று எங்கள் காருக்குப் பயன்பட்டவை ஏறக்குறைய இவ்விரண்டும்தான்.

பானெட்டைத் திறப்பதற்கு முன் பத்து நிமிடம் கேள்விகள் கேட்டார். சத்தம் ஒரே ஒரு 'டக்'கா, அல்லது 'டகடகடக' என்று அடுத்தடுத்து வருகிறதா என்பது முதல் கேள்வி. அடுத்தடுத்து வந்தால் பேட்டரியில் சார்ஜ் இல்லை என்பதற்கு வாய்ப்பு அதிகமாம்: செல்ஃபுக்குக் கரண்டைத் திறந்துவிடும் காந்த சுவிட்சான சொலனாய்டு உள்ளே இழுக்கிறது, செல்ஃப் கரண்டை உறிஞ்சியதும் வோல்ட் விழுகிறது, சொலனாய்டு விட்டுவிடுகிறது, வோல்ட் ஏறியதும் மறுபடி இழுக்கிறது. ஒரே 'டக்' என்றால் சொலனாய்டு பிடித்தபடி இருக்கிறது, ஆனால் மோட்டாருக்குப் போதிய கரண்ட் போய்ச் சேரவில்லை, அல்லது மோட்டாரே சுற்ற முடியாமல் நிற்கிறது என்று பொருள். இரண்டாவது கேள்வி, ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு சாவியைத் திருப்பும்போது வெளிச்சம் மங்குகிறதா என்பது. நான் அதைக் கவனித்திருக்கவில்லை. அங்கேயே போட்டுப் பார்த்தபோது வெளிச்சம் அவர் எதிர்பார்த்த அளவுக்கு மங்கவில்லை. செல்ஃப் சுற்றும்போது பேட்டரியிலிருந்து நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கப்பட வேண்டும், இழுக்கப்பட்டால் விளக்கு நன்றாகவே மங்கும். மங்கவில்லை என்றால் கரண்ட் வழியில் எங்கோ தடைபடுகிறது என்றார்.

மூன்றாவதாக அவர் கேட்டதுதான் இந்தக் கதையின் திருப்பம். 'இந்தத் தொல்லை வந்ததுல இருந்து வண்டியில வேற ஏதாச்சும் மாறியிருக்குங்களாம்மா? சம்பந்தமில்லாததா இருந்தாலும் சொல்லுங்க' என்றார். கிளட்ச் மிதிக்கக் கனமாகிவிட்டது, வளைவுகளில் கால் வலிக்கிறது, ஆனால் அது தேய்மானமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன் என்று சொன்னேன். உடனே பானெட்டைத் திறந்து, பையனை உள்ளே உட்காரவைத்து, ஃபியூவல் பம்ப்பின் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டுச் செல்ஃபை மூன்று நான்கு முறை சுற்றச் சொன்னார். எஞ்சின் சுற்றும், ஆனால் ஓடத் தொடங்காது என்பதற்காக அந்த ஏற்பாடு. பிறகு என்னைக் கூப்பிட்டு கிளட்ச் கேபிளின் மேலுறையைத் தொடச் சொன்னார். வெதுவெதுப்பாக இருந்தது. கரண்டோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஒரு இரும்புக் கேபிள் ஏன் சுட வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை.

அவர் விளக்கியதை என் சொற்களில் சொல்கிறேன். பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து தடித்த ஒயர் ஒன்று செல்ஃபுக்குப் போகிறது. செல்ஃபிலிருந்து திரும்பி வருவதற்குத் தனி ஒயர் கிடையாது. அதன் இரும்பு உடல் எஞ்சினோடு போல்ட்டில் இறுகியிருப்பதால், எஞ்சினே திரும்பும் பாதை. எஞ்சின் ரப்பர் மவுண்ட்களின் மேல் உட்கார்ந்திருப்பதால், அதையும் காரின் பாடியையும் இணைக்க ஒரு தடித்த எர்த் ஒயர் வைத்திருக்கிறார்கள். பாடியிலிருந்து மற்றொரு ஒயர் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்குப் போகிறது. விளக்கு, ஹாரன், ரேடியோ எல்லாம் பாடியிலேயே எர்த் ஆவதால், எஞ்சினுக்கும் பாடிக்கும் இடையிலுள்ள ஒயர் கெட்டாலும் அவை குறையின்றி வேலை செய்யும். செல்ஃப் மட்டும் பட்டினி கிடக்கும்.

'மலைப்பாதையில பாறை உருண்டு கிடந்தா ரெண்டு பைக் ஒதுங்கிப் போயிரும், லாரி போகாதுங்க. லைட்டு பைக்கு மாதிரி, செல்ஃபு லாரி மாதிரி' என்றார் அவர். கிளட்ச் கேபிள் சூடானதற்கும் அதே சாலையிலிருந்து விடை வந்தது. ஏற்காடு மெயின் ரோட்டில் மண் சரிந்தால் நாம் குப்பனூர் வழியாகச் சுற்றிப் போகிறோம் அல்லவா, அதுபோல எர்த் ஒயரில் வழி அடைபட்டதும், கியர்பாக்ஸையும் பாடியையும் தொட்டுக்கொண்டிருந்த கிளட்ச் கேபிளின் வழியாகக் கரண்ட் திரும்பியிருக்கிறது. அந்தக் கேபிள் அத்தனை கரண்டைச் சுமப்பதற்குச் செய்யப்பட்டதில்லை. சூட்டில் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் உறை இளகி, கம்பி இறுகி, மிதி கனமாகிவிட்டது. பத்து ஆண்டுகளாக இதே காரை ஓட்டுகிறேன். இவ்விரண்டு தொல்லைகளும் ஒரே தொல்லை என்று எனக்கு ஒருநாளும் தோன்றியிருக்காது.

ஆனால் இதை வைத்துக்கொண்டே அவர் எர்த் ஒயரை மாற்றிவிடவில்லை. இந்தக் கடையைப் பற்றி நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது இதைத்தான். ஊகம் சரியாக இருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தும், எண் வராமல் ஸ்பானரைத் தொட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். நிறுத்தியிருந்த நிலையில் பேட்டரியில் 12.6 வோல்ட், நன்றாக சார்ஜ் ஏறிய பேட்டரியின் அளவு அது. 12.2 என்றால் பாதிச் சார்ஜ், 12க்குக் கீழே போனால் காலி என்றே வைத்துக்கொள்ளலாம் என்று பையனிடம் சொல்லிக்கொண்டே எழுதிவைத்தார். பிறகு மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும் மறு முனையை எஞ்சினின் வெறும் இரும்பிலும் வைத்துச் செல்ஃபைச் சுற்றச் சொன்னார். 0.9 வோல்ட் காட்டியது. அந்த வழி சுத்தமாக இருந்தால் 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டக்கூடாதாம். கவனிக்க வேண்டியது, அப்போது நண்பகல், எஞ்சின் சூடாக இருந்தது, கார் எந்தத் தடையும் இல்லாமல் ஸ்டார்ட் ஆகிக்கொண்டிருந்தது. பழுது கண்ணுக்குத் தெரியாத அந்த நேரத்திலேயே மீட்டருக்குத் தெரிந்துவிட்டது. முந்தைய இரண்டு பட்டறைகளிலும் ஒருவர் இரண்டு நிமிடம் ஒதுக்கி இதைச் செய்திருந்தால் எங்கள் 7,000 ரூபாய் மிஞ்சியிருக்கும்.

இரவு காரை விட்டுவிட்டுப் போகச் சொன்னார். குளிரில் எஞ்சின் ஆயில் கெட்டியாகி, செல்ஃபுக்கு வேலை கூடும் நேரத்தில்தான் முழுப் பழுதும் வெளிப்படும் என்பது அவர் கணக்கு. ஏற்காட்டின் குளிர் சேலத்தில் கிடையாது என்றாலும், அன்று பெய்த மழைக்கு அதிகாலை போதுமான அளவு சில்லென்றிருந்தது. நான் அஸ்தம்பட்டியில் சித்தி வீட்டில் தங்கிவிட்டு, ஆறரை மணிக்கு அவர் கடை திறக்கும்போது போய் நின்றேன். சாவியைத் திருப்பியதும் 'டக்'. இரண்டாவது முறை இழுத்து இழுத்து அரைச் சுற்று. சாவியைத் திருப்பிப் பிடித்திருந்த அந்த நேரத்தில் பேட்டரியில் 11.9 வோல்ட். பாசிட்டிவ் பக்கத்து ஒயரில் இழப்பு 0.2. எர்த் பக்கத்தில் 3.4. ஆக, 11.9 வோல்ட்டில் செல்ஃபுக்குக் கிடைத்தது 8.3 மட்டுமே. நூறு ஆம்பியர் ஓடும்போது 3.4 வோல்ட் தொலைகிறது என்றால் அந்தத் தடை, தடையை அளக்கும் அலகான ஓமில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு. ஹெட்லைட்டின் பத்து ஆம்பியர் அதே தடை வழியாகப் போக வேண்டியிருந்தாலும் மூன்றில் ஒரு வோல்ட்தான் தொலையும். அதைக் கண் அறியாது. அளவு தெரியாமல் வெறும் டெஸ்ட் லேம்ப்பை வைத்துப் பார்ப்பவர்கள் இந்தப் பழுதைத் தவறவிடுவதற்கும் இதுவே காரணம் என்றார். டெஸ்ட் லேம்ப் இழுப்பது மிகச் சொற்பம், ஆகவே ஒரே ஒரு செப்பு இழை மிஞ்சியிருந்தாலும் அது பிரகாசமாக எரிந்து, ஒயர் நன்றாக இருப்பதாகப் பொய் சொல்லும்.

கடைசிச் சோதனையை நான் என் கையாலேயே செய்தேன். ஒரு காரின் பேட்டரியிலிருந்து மற்றொரு காருக்குக் கரண்ட் கொடுக்கும் ஜம்ப் கேபிளின் ஒரு கறுப்பு ஒயரை மட்டும் எடுத்து, ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் மறு முனையை எஞ்சினில் பெயின்ட் இல்லாத ஒரு தடித்த போல்ட்டிலும் கவ்வவைக்கச் சொன்னார். பையன் சாவியைத் திருப்பினான். ஐந்து வாரங்களாக அதிகாலையில் கேட்காத வேகத்தில் எஞ்சின் சுற்றியது.

எர்த் ஒயர் பேட்டரித் தட்டுக்குக் கீழே, கியர்பாக்ஸ் கூட்டில் போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் உறை கறுப்பாக, ஒழுங்காகவே தெரிந்தது. போல்ட்டைக் கழற்றி, ஒயரின் முனையில் இருந்த உலோக வளையமான லக்கை அவர் லேசாக முறுக்கியதும், பச்சைப் பொடி உதிர்ந்தது. உறையைக் கீறிப் பார்த்தால் இரண்டு அங்குலத்துக்குச் செப்பு இழைகள் பாசிபிடித்ததுபோல் பச்சையாகி, பாதிக்கு மேல் அறுந்திருந்தன. பழைய பேட்டரியிலிருந்து கசிந்த ஆசிட் மேலிருந்து சொட்டியிருக்கலாம். அலுமினியக் கூட்டும் செப்பு லக்கும் ஒன்றையொன்று தொடுமிடத்தில் ஈரம் சேர்ந்தால் அரிப்பு விரைவாக நடக்கும். மாதக்கணக்கில் மூடுபனியில் நிற்கும் மலைக் கார்களுக்கு அந்த ஈரம் எப்போதும் உண்டு. புதிய பேட்டரி போட்டபோதும் செல்ஃபைக் கழற்றியபோதும் சில நாட்கள் கார் ஓடியதற்கும் இதிலேயே விடை இருந்தது. இரண்டு முறையும் அந்த ஒயரை அசைத்து, நகர்த்தி, கைபட்டிருக்கிறார்கள். மிச்சமிருந்த இழைகள் சற்று நெருங்கி உட்கார்ந்து, மறுபடி ஈரம் ஏறும் வரை தாக்குப்பிடித்திருக்கின்றன.

வேலை செய்த விதத்தையும் சொல்ல வேண்டும். பழையதைவிடச் சற்றுத் தடித்த ஒயரை அளந்து வெட்டி, இரு முனைகளிலும் புதிய லக் வைத்து, கையால் நசுக்காமல் அதற்கான கருவியால் அழுத்தினார். கியர்பாக்ஸ் கூட்டிலும் பாடியிலும் லக் உட்காரும் இடத்தை உப்புத்தாளால் வெள்ளி நிறம் வரும் வரை தேய்த்து, போல்ட்டை இறுக்கிய பிறகு, மேலே பெட்ரோலியம் ஜெல்லி பூசினார். முதலில் பூசிவிட்டு இறுக்கக்கூடாதா என்று கேட்டதற்கு, உலோகம் உலோகத்தைத் தொட வேண்டும், ஜெல்லி ஈரத்தை வெளியே நிறுத்தினால் போதும் என்றார். பேட்டரி டெர்மினல்களையும் கழற்றி அப்படியே செய்தார்.

பிறகு மறுபடியும் அளந்தார். எர்த் பக்கத்து இழப்பு 0.1 வோல்ட். பேட்டரியில், செல்ஃப் சுற்றும்போது 10.8. முன்பு 11.9 இருந்தது இப்போது குறைந்துவிட்டதே என்று நான் பதறினேன். செல்ஃப் இப்போதுதான் தனக்கு வேண்டிய கரண்டை முழுதாக இழுக்கிறது, அதனால்தான் பேட்டரி சற்று இறங்குகிறது, 9.6க்குக் கீழே போனால் மட்டும் பேட்டரியைச் சந்தேகிக்க வேண்டும் என்று விளக்கினார். எஞ்சின் ஓடும்போது சார்ஜ் 14.2, ஹெட்லைட்டும் வைப்பரும் புளோயரும் சேர்ந்து ஓடும்போது 13.8. காரைப் பூட்டி முக்கால் மணி நேரம் விட்டுவிட்டுப் பார்த்ததில் சும்மா நிற்கும்போது 28 மில்லி ஆம்பியர் மட்டுமே போகிறது. 50 வரை இருக்கலாமாம். எல்லா எண்களையும் ஒரு தாளில் தேதியோடு எழுதிக் கொடுத்தார். அது இப்போது எங்கள் ஆர்.சி. புத்தகத்தோடு இருக்கிறது. எழுத்தில் கொடுக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை.

பில், பழுது கண்டுபிடித்ததற்கு 300, ஒயருக்கும் லக்குக்கும் 350, கூலி 200. கிளட்ச் கேபிளை மாற்றியே ஆக வேண்டும், ஆனால் அது தன் வேலை இல்லை என்று சொல்லி, இரண்டு கடை தள்ளி இருக்கும் மெக்கானிக்கிடம் அனுப்பினார். அங்கே கேபிளும் கூலியுமாக 900 ஆயிற்று. எர்த்தைச் சரிசெய்யாமல் கேபிளை மட்டும் மாற்றியிருந்தால் புதிய கேபிளும் சில வாரங்களில் கனத்திருக்கும்.

ஒரு காரை மட்டும் வைத்து ஒரு கடையை மதிப்பிடக்கூடாது என்பதால், தை மாதத்தில் பக்கத்து வீட்டுக்காரரின் காருக்கும் அவரையே பரிந்துரைத்து, நானும் உடன் போனேன். அது வேறு வகை. செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, எஞ்சின் பற்றவே மாட்டேன் என்கிறது. இந்த இரண்டு வகைகளையும் முதலில் பிரித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது என்பார் அவர், ஏனென்றால் நன்றாகச் சுற்றும் எஞ்சினுக்குப் பேட்டரியையும் செல்ஃபையும் தேட வேண்டியதில்லை. பெட்ரோல், ஸ்பார்க், சென்சார் என்று வேறு பக்கம் போக வேண்டும். என்னைப் பின்சீட்டில் உட்காரவைத்து, சாவியை ஆன் செய்யும்போது டேங்க் பக்கத்திலிருந்து பெட்ரோல் பம்ப் ஓடும் 'ஙொய்' என்ற சத்தம் இரண்டு விநாடி கேட்கிறதா என்று கவனிக்கச் சொன்னார். கேட்கவில்லை. ஃபியூஸ் நன்றாக இருந்தது. ரிலே என்பது கரண்டைத் திறந்து மூடும் ஒரு சிறிய மின் சுவிட்ச்; அதே எண் கொண்ட ஹாரன் ரிலேயைப் பிடுங்கி பம்ப் ரிலேயின் இடத்தில் சொருகினார். சத்தம் வந்தது, கார் ஸ்டார்ட் ஆயிற்று, ஹாரன் ஊமையாயிற்று. ஒரு ரிலேயின் விலையோடு முடிந்தது. டேங்க்கை இறக்கிப் பம்ப் மாற்றத் தயாராக இருந்த என் பக்கத்து வீட்டுக்காரர் வெகுநேரம் அந்த ரிலேயைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

குறைகளும் உண்டு. காரின் கம்ப்யூட்டரில் பதிவாகும் பழுதுகளைப் படிக்கும் ஸ்கேனர் கடையில் கிடையாது. எஞ்சின் சுற்றுவதை உணரும் கிராங்க் சென்சார் போன்றவற்றையும், சாவியில் இருக்கும் சிப்பைக் கார் அடையாளம் காணாமல் பூட்டு விளக்கு மின்னிக்கொண்டு நிற்கும் பழுதுகளையும் அவர் தொடுவதில்லை, வேறிடம் போகச் சொல்லிவிடுகிறார். அப்படி நேராகச் சொல்வது நல்லதே என்றாலும், அண்மையில் வாங்கிய கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு நாள் வீண். ஒரு நேரத்தில் ஒரு வண்டிக்கு மேல் எடுப்பதில்லை, முன்பதிவும் கிடையாது. நான் இரண்டாம் முறை போனபோது ஒரு பால் வேனுக்காக இரண்டரை மணி நேரம் காத்திருந்தோம். உட்கார இடம் என்று சொல்லத்தக்கது புளியமரத்தடிக் கல் மட்டும்தான். உடம்பு முடியாதவர்களை அழைத்துக்கொண்டு போகாதீர்கள். வேலை நேரத்தில் போனை எடுக்க மாட்டார். மலைமேல் வந்து பார்ப்பதும் இல்லை. ஸ்டார்ட்டே ஆகாத காரை அவரிடம் எப்படிக் கொண்டுபோவது என்பது ஏற்காட்டுக்காரர்களுக்கு உண்மையான இடர்ப்பாடு.

அந்த இடர்ப்பாட்டுக்கு நம்மிடம் ஒரு ஆபத்தான பழக்கம் இருக்கிறது, அதைப் பற்றி இங்கே எழுதாமல் இருக்க எனக்கு மனமில்லை. சரிவில் நிறுத்தி, உருட்டிவிட்டு, கியரைப் போட்டு ஸ்டார்ட் செய்வதைத்தான் சொல்கிறேன். வீட்டு வாசலில், சமதளத்தில், நான்கு பேர் தள்ளுவது வேறு. மலைப்பாதையில் எஞ்சின் ஓடாமல் காரை உருளவிட்டால், இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு, பிரேக் மிதியை இலகுவாக்கும் பூஸ்டரில் வாக்குவம் தீர்ந்து மிதி கல்லாகிவிடும், பவர் ஸ்டியரிங்கும் உதவாது. அடுத்த வளைவு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது நமக்கெல்லாம் தெரியும். நானும் ஐப்பசியில் இரண்டு முறை அப்படிச் செய்தேன், அம்மாவை வைத்துக்கொண்டு. எலக்ட்ரீசியன் அண்ணன் அதைக் கேட்டபோது பேசுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். பிறகு, ஒரு நல்ல ஜம்ப் கேபிள் வாங்கி வண்டியில் வைத்துக்கொள்ளச் சொன்னார். ஒரே 'டக்' சத்தம் வந்து, விளக்கு மங்காமல் இருந்தால், கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவிட்டு, கறுப்பு ஒயரை மட்டும் எங்களுக்குக் காட்டியதுபோல் பேட்டரி நெகட்டிவிலிருந்து எஞ்சினுக்கு மாட்டிப் பார்க்கலாம். அடிவாரம் வரை வந்து சேர அது போதும்.

கடை காலை ஆறரை அல்லது ஏழு மணிக்குத் திறக்கிறது, ஞாயிறு விடுமுறை. பணமாகவும் கொடுக்கலாம், போனிலும் அனுப்பலாம். பழைய பொருட்களைக் கேட்காமலேயே கையில் கொடுத்துவிடுகிறார்; எங்கள் பச்சைபிடித்த எர்த் ஒயர் இன்னும் வீட்டுத் திண்ணையில் கிடக்கிறது. பாசிட்டிவ் ஒயருக்கும் அதே வயதுதான் ஆகிறது, இப்போதைக்கு இழப்பு 0.2 என்பதால் மாற்ற வேண்டாம், அடுத்த மழைக்காலத்துக்கு முன் ஒருமுறை கொண்டுவந்தால் அளந்து பார்த்துவிடலாம், அதற்குக் காசு வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். புரட்டாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, அம்மாவை மருத்துவமனையில் விட்டுவிட்டுப் போகலாம் என்றிருக்கிறேன்.